பேராசிரியரின் பக்கமும் அம்மாவின் அரைப்பேரும்

போன கிழமை என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி பேராதனையிலிருந்து அழைத்தாள். விடுதியில் இரவு முழுக்க வாக்குவாதமாம். "சேர், ஒரு பேராசிரியர் பச்சைப் பொய்யை இணையத்தில் எழுதினா, கெம்பஸ் சும்மா இருக்கலாமா?" எங்கள் பக்கம் மழை, சிக்னல் விட்டு விட்டு வந்தது. "பிறகு சொல்றேன் மகள்" என்று வைத்துவிட்டேன். அந்தப் பிறகு இன்றைக்குத்தான் வாய்த்தது.

அவர்கள் சண்டை போட்டது பழைய அமெரிக்கக் கதை ஒன்றுக்காக. சிக்காகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் பட்ஸ் என்று ஒரு மின்பொறியியல் பேராசிரியர். நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றது கட்டுக்கதை என்று 1976இலேயே புத்தகம் போட்டவர். 90களின் நடுவில், பல்கலைக்கழகம் ஊழியர்களுக்குக் கொடுத்த இணைய இடத்திலும் அதையே ஏற்றினார். பெரிய எதிர்ப்பு. அன்றைய தலைவர் ஹென்றி பீனன் பட்ஸின் கருத்தை ஏற்கவே இல்லை. ஆனாலும் பக்கத்தை எடுக்கச் சொல்லவில்லை. இடம் எல்லோருக்கும் பொது, கருத்தைப் பார்த்துப் பூட்ட முடியாது என்பது அவர்கள் நிலைப்பாடு.

அதே பொறியியல் பீடத்தில் பகுதிநேர விரிவுரையாளர் ஒருவர், பட்ஸுக்குப் பதில் சொல்லும் விதமாகத் தன் வகுப்பிலேயே அந்தப் படுகொலை பற்றிப் பாடம் எடுத்தார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பாடத்துக்குச் சம்பந்தமில்லாததைக் கற்பித்தார் என்பது காரணம்.

பொய் சொன்னவன் கதிரையில், பதில் சொன்னவன் வாசலில். முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அவர்கள் விதி என்ன பேசினாய் என்று கேட்கவில்லை, எங்கே பேசினாய் என்று கேட்டிருக்கிறது. பட்ஸ் தன் சரக்கை வகுப்புக்குள் கொண்டுபோகவில்லை. சரி, அதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவருக்கு நிரந்தர வேலை, மற்றவருக்கு வருடக் கடுதாசி. விதி ஒன்றாக இருந்தாலும் விழுகிற அடி ஒன்றா?

இது எனக்குப் புத்தகத்தில் விளங்கியதில்லை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் விளங்கியது. அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மா சாக்கைத் தராசில் மாட்டுவார். நிறுக்கிறவர் முள்ளைப் பார்த்துவிட்டு, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே எழுதுவார். ஒரு நாள் அம்மா கேட்டார்: "வெயில் காயுற நாள்ல என்னாத்துக்குங்கையா தண்ணிக்கிக் கழிக்கிறீங்க?" அவ்வளவுதான். யாரும் ஏசவில்லை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் கொழுந்து குறைவு என்று அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது, அதற்கடுத்த நாளும் அரைப்பேர். அந்த மாதம் முழுக்கத் தராசைச் சுற்றி நின்ற அத்தனை பெண்களும் வாய் திறக்கவில்லை. பேசக்கூடாது என்று தோட்டத்தில் எந்தச் சட்டமும் இருக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். நாளைக்கே ஒரு பேராசிரியர், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த பாதையில் எங்கள் ஆட்கள் செத்ததெல்லாம் பொய், 1948இல் யாருடைய பிரஜாவுரிமையும் பறிக்கப்படவில்லை என்று எழுதினால்? வயிறு எரியும். எடுத்துப் போடு என்றுதான் முதலில் வாயில் வரும்.

எடுப்பது யார்? இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்த இலங்கையில் 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவைச் சொல்கிறது. இதே அதிகாரம் 1948இல் இருந்திருந்தால்? நாங்கள் வந்தேறிகள் என்பதுதான் அன்றைக்குப் பாராளுமன்றமே கை உயர்த்திய உண்மை. நாங்களும் இந்த மண்ணின் ஆட்கள்தான் என்று எழுதியவன்தான் பொய்யனாகியிருப்பான். அதனால் அந்தப் பேராசிரியரின் பக்கம் கிடக்கட்டும் என்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

பயம் வெறுங்கற்பனையும் இல்லை. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச அதிகாரி ரம்சி ராசீக், இனவாதத்துக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போர் செய்ய வேண்டும் என்று முகநூலில் எழுதினார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. 2020 ஏப்ரலில் கைது, ஐந்து மாதத்துக்கு மேல் மறியல். அவர் மீது பாய்ந்தவற்றில் ஒன்று 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் சட்டம். உரிமைகளைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் வந்த சட்டம், ஐயா! அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2023 நவம்பர் ஆனது.

அப்படியென்றால் எல்லையே வேண்டாமா? வேண்டும். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, எங்கே கூடுவது, யாரை அடிப்பது என்று பதிவுகள் ஓடின. அதைக் கருத்து என்று யாரும் என்னிடம் வராதீர்கள். அது தீப்பெட்டி. அதில் தன் பங்குக்காக ஃபேஸ்புக் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கேட்டது. பொய்யனோடு நான் மல்லுக்கட்டிக்கொள்கிறேன், தீ வைக்க ஆள் கூட்டுகிறவனைப் பொலிஸ் பார்க்கட்டும்.

இவ்வளவும் எழுதுகிற நான் பெரிய வீரனா என்று கேட்டால், இல்லை. போன வருடம் வகுப்பறைக் கூரை ஒழுகுவதைப் படம் எடுத்துப் போட்டேன். மேசைக்கு மேல் ஒரு பச்சை வாளி, அதைச் சுற்றி நாலு பிள்ளைகள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. அரை மணித்தியாலத்தில் மேலிடத்து அழைப்பு. அரச ஊழியர் சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்லக்கூடாது என்று 2022இல் வந்த சுற்றறிக்கை, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை, எல்லாவற்றையும் அன்பாகவே நினைவுபடுத்தினார்கள். "தம்பி, உங்களுக்கு ட்ரான்ஸ்பரும் பார்க்கணும்தானே" என்றும் ஒரு சொல். தொலைபேசியை வைத்த கையோடு பதிவை அழித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. இந்தப் பதிவோடு போட்டிருக்கிறேன். வேண்டியவர்கள் இன்றிரவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.