பத்தொன்பதாயிரம் ரூபாய் கன்ட்ரோலரும் ஒரு சிறு கரித்தடமும்

அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அவன் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "மாமா, டூயல்சென்ஸ் எட்ஜ் வாங்கினால் சாதாரண கன்ட்ரோலரைவிட அதிக நாள் உழைக்குமா?" எட்ஜ் என்பது சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) விளையாட்டுக் கருவிக்கு வரும் விலை கூடிய கன்ட்ரோலர்; சாதாரணமானதன் பெயர் டூயல்சென்ஸ். ஒரு வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. விலை கூடிய பொருள் கூடுதல் நாள் உழைக்கும் என்று நம்பி நானும் ஒருமுறை பெருந்தொகை கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அவனுக்காக எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே பதிவிடுகிறேன்.

2021-இல் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மூலமாக ஒரு பிரீமியம் கன்ட்ரோலரை வாங்கினேன். கையில் எடுத்தவுடனேயே அதன் எடை பிடித்துப்போனது. பின்புறம் விரலால் அழுத்தும் நான்கு உலோகப் பேடில்கள், கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்குகளுக்குக் கழற்றி மாற்றக்கூடிய தலைகள், கைப்பிடி முழுவதும் ரப்பர் உறை, வைத்துக்கொள்ள ஒரு கெட்டியான பெட்டி என்று எல்லாமே நேர்த்தியாக இருந்தன. எட்டாவது மாதத்தில், கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, நான் கை வைக்காமலேயே என் தடுப்பாட்டக்காரர் இடப்பக்கமாக நடக்கத் தொடங்கினார். இடது ஸ்டிக்கில் டிரிஃப்ட் வந்துவிட்டது. வாங்கிய நாடு வேறு என்பதால் இங்கே வாரண்டி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்த நாளில்தான் இந்த விஷயத்தை உள்ளபடி படிக்க ஆரம்பித்தேன்.

ஸ்டிக்கின் அடியில் ஒரு சதுரமான சிறு பெட்டி இருக்கிறது. அதன் இரண்டு பக்கங்களிலும் ஒட்டினாற்போல இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இடவல அசைவையும் மற்றொன்று மேல்கீழ் அசைவையும் அளக்கிறது. ஒவ்வொன்றின் உள்ளேயும் வளைவான ஒரு கரித்தடம் பூசப்பட்டிருக்கிறது. நாம் ஸ்டிக்கை அசைக்கும்போதெல்லாம் மெல்லிய உலோக முனை ஒன்று அந்தத் தடத்தின்மேல் உரசிக்கொண்டே செல்கிறது. அது நிற்கும் இடத்துக்கேற்ப மின்னழுத்தம் மாற, அந்த மாற்றத்தையே கன்ட்ரோலர் திசையாகப் படிக்கிறது. உரசலால் தடம் தேய்கிறது, தேய்ந்த துகள் அங்கேயே கிடக்கிறது, வெளியிலிருந்து தூசியும் போய்ச் சேர்கிறது. ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் ஸ்பிரிங்கும் நாளடைவில் தளர்கிறது. இவையெல்லாம் சேரும்போது, ஸ்டிக் நடுவில் நின்றாலும் "நான் சற்று இடப்பக்கம் இருக்கிறேன்" என்ற செய்தியே உள்ளே போகிறது. இதைத்தான் நாம் டிரிஃப்ட் என்கிறோம்.

இந்தத் தேய்மானத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. பிஎஸ்5-உடன் வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை 2021-இல் பிரித்து ஆராய்ந்த, பழுதுபார்க்கும் வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம், அதில் இருப்பது ஆல்ப்ஸ் நிறுவனத்தின் ஸ்டிக் மாட்யூல் (பொட்டென்ஷியோமீட்டர்களோடு சேர்ந்த முழு ஸ்டிக் பகுதி) என்றும், அதன் பொட்டென்ஷியோமீட்டருக்குக் குறிக்கப்பட்ட ஆயுள் 20 லட்சம் அசைவுகள் என்றும் எழுதியது. துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஒன்றில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை ஸ்டிக்கைச் சுழற்றுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்து, சுமார் 417 மணி நேரத்தில் அந்த எல்லையைக் கடந்துவிடலாம் என்று அவர்கள் கணித்தார்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்கு இது ஏழு மாதத்துக்குள் அடங்கிவிடும். எல்லையைத் தாண்டிய மறுநாளே கெட்டுப்போகும் என்று இதற்குப் பொருளில்லை; ஆண்டுக்கணக்கில் பழுதில்லாமல் ஓடியவையும் உண்டு. ஆனாலும் என் எட்டு மாதம் ஏன் எட்டு மாதமாக இருந்தது என்பது இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு விளங்கியது.

என்னை உண்மையில் வருத்தியது அதற்கடுத்துத் தெரிந்துகொண்ட செய்தி. சாதாரண கன்ட்ரோலரிலும், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள கன்ட்ரோலரிலும், பெரும்பாலும் இதே வகைப் பொட்டென்ஷியோமீட்டர்தான் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் விலை கூடிய கன்ட்ரோலரான எக்ஸ்பாக்ஸ் எலைட் 2015-இல் 149.99 டாலருக்கும், எலைட் சீரிஸ் 2 நவம்பர் 2019-இல் 179.99 டாலருக்கும் வந்தன. ஸ்டிக்கின் இறுக்கத்தை நமக்கேற்பத் திருகி வைத்துக்கொள்ளும் வசதி சீரிஸ் 2-இல் சேர்ந்தது. அசைவை அளக்கும் முறை மாறவில்லை. டிரிஃப்ட் குறித்து 2020-இல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட்மீது வழக்குத் தொடரப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அந்நிறுவனம் சீரிஸ் 2-இன் வாரண்டியை 90 நாளிலிருந்து ஓராண்டாக, ஏற்கெனவே விற்றவற்றுக்கும் சேர்த்து, நீட்டித்தது. நீட்டித்ததைப் பாராட்டுகிறேன். ஆனால் 180 டாலர் பொருளுக்கு 90 நாள் வாரண்டி போதும் என்று முதலில் எப்படித் தோன்றியது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்று அதைச் செய்தவர் நம்புகிறார் என்பதை விளம்பரத்தைவிட வாரண்டிச் சீட்டுதான் நேராகச் சொல்கிறது. வாங்குவதற்கு முன் அதைப் படியுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது அதனால்தான்.

சொல்லப்போனால், சில இடங்களில் விலை கூடக் கூட ஆயுள் குறையவும் வாய்ப்பிருக்கிறது. சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு ஏஏ பேட்டரிகளைப் போட்டு ஆடுகிறோம். பேட்டரி செத்தால் தெருமுனைக் கடையில் வாங்கி மாற்றிவிடலாம், பத்து ஆண்டு கழித்தும் அது கிடைக்கும். முதல் எலைட்டிலும் அப்படித்தான் இருந்தது. சீரிஸ் 2-இல் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். ஒரு முறை சார்ஜ் செய்தால் 40 மணி நேரம் வரை வரும் என்பது புதிதில் மகிழ்ச்சி தரும்; ஆனால் எந்த லித்தியம் பேட்டரியும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் கொள்ளளவை இழக்கும், அப்போது முழுக் கன்ட்ரோலரையும் பிரிக்க வேண்டியிருக்கும். டூயல்சென்ஸ் எட்ஜில் பின்பட்டன்களுக்கும் மாட்யூல்களுக்கும் இடம் தேவைப்பட்டதாலோ என்னவோ, சாதாரண டூயல்சென்ஸின் 1,560 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பதிலாக 1,050 அளவுள்ளதைத்தான் வைத்திருக்கிறார்கள். ரப்பர் உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கன்ட்ரோலரின் கைப்பிடியில் ஒட்டியிருந்த ரப்பர், இரண்டாவது கோடையில், உள்ளங்கை வியர்வை பட்டுப் பட்டு ஓரங்களில் பிசுபிசுத்துக் கிளம்பிவிட்டது. வெறும் பிளாஸ்டிக் கைப்பிடிக்கு இந்தத் தொல்லையே இல்லை. பாகங்கள் கூடினால் பழுதாகக்கூடிய இடங்களும் கூடும்; இரண்டு ஆண்டுகளில் நான் இதைக் கைப்பட அறிந்தேன்.

உரசல்தான் நோய் என்றால், உரசாமல் அளக்கும் வழி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, புதியதும் அல்ல. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவு அது: மின்னோட்டம் செல்லும் கடத்தியின் அருகே காந்தப்புலம் மாறினால், அதன் குறுக்கே எழும் மின்னழுத்தமும் மாறும். ஸ்டிக்கின் அடியில் சிறு காந்தத்தைப் பொருத்தி, எதிரே ஓர் உணரியை (சென்சாரை) வைத்துவிட்டால், ஒன்றையொன்று தொடாமலேயே அசைவை அளந்துவிடலாம். 1998-இல் ஜப்பானில் வெளிவந்த சேகா ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரில் இந்த முறைதான் இருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், 2025-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இன் கன்ட்ரோலர்களான ஜாய்-கான்களில் ஹால் ஸ்டிக் இல்லை. முந்தைய ஸ்விட்சின் ஜாய்-கான் டிரிஃப்ட்டுக்காக நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டு, 2020-இல் அதன் தலைவர் வருத்தமும் தெரிவித்த நிறுவனம் அது. எனக்கு இது பெரும் ஏமாற்றம்.

இதற்கு நேர்மாறாக, சிறிய நிறுவனங்கள் இந்த முறையைக் குறைந்த விலைக்கே கொண்டுவந்துவிட்டன. கேம்சர் ஜி7 எஸ்இ 44.99 டாலருக்கும், 8பிட்டூ அல்டிமேட் 2சி 29.99 டாலருக்கும் ஹால் ஸ்டிக்குகளுடன் வெளிவந்தன. அதாவது, தேயாத உணரி வேண்டுமென்றால் 200 டாலர் கொடுக்கத் தேவையில்லை; 200 டாலர் கொடுத்தால் அது கிடைத்துவிடும் என்பதற்கும் உறுதியில்லை. அண்மையில் டிஎம்ஆர் என்ற இன்னொரு காந்த உணரியும் பரவி வருகிறது. அது ஹாலைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்குகிறது.

ஆனால் காந்தம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இன் ஸ்டிக் ஒளியைக் கொண்டு அசைவை எண்ணியது. உணரியில் உரசலே கிடையாது. இருந்தும், ஸ்டிக்கின் அடிப்பகுதி உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து மாவாகக் கொட்டி, ஸ்டிக் தொளதொளவென்று ஆடத் தொடங்கியது. உணரி நன்றாக இருந்தும் பொறியமைப்பு தோற்றுப்போனது. ஹால் கன்ட்ரோலரிலும் ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன, அழுத்தும் பட்டனின் அடியில் ரப்பர் இருக்கிறது, சார்ஜ் செய்யும் துளை இருக்கிறது. டிரிஃப்ட் வரும் வாய்ப்பு பெரிதும் குறையும் என்பதுதான் நேர்மையான வாக்கு. இன்னொரு தடையும் உண்டு: இந்தக் குறைந்த விலைக் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை கணினிக்கும் கைப்பேசிக்கும்தான் உதவும். பிஎஸ்5 ஆட்டங்களுக்கு உரிமம் பெற்றவை வேண்டும். எக்ஸ்பாக்ஸும் உரிமம் பெறாதவற்றை 2023 நவம்பர் முதல் தடுக்கத் தொடங்கியது. கேம்சர் ஜி7 எஸ்இ எக்ஸ்பாக்ஸ் உரிமத்துடன் வருகிறது, ஆனால் ஒயர் வைத்தது.

அப்படியானால் பிரீமியம் கன்ட்ரோலருக்குக் கொடுக்கும் பணம் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. பின்புறப் பேடில்களைச் சில வாரங்கள் பழகியவர் திரும்பிப் போக விரும்பமாட்டார். சாதாரணக் கன்ட்ரோலரில் குதிப்பதற்கோ குண்டு நிரப்புவதற்கோ வலது கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து எடுத்துப் பட்டனை அழுத்த வேண்டும். அந்த நொடியில் குறி தவறும். பேடில் இருந்தால் நடுவிரல் அந்த வேலையைச் செய்துவிடும். டிரிக்கர் பாதி தூரத்திலேயே நின்றுகொள்ளும் பூட்டும் துப்பாக்கி ஆட்டங்களில் உண்மையாகவே உதவுகிறது. கட்டைவிரல் மூட்டில் வலி உள்ள என் அலுவலக நண்பர் ஒருவர் பேடில்கள் வந்த பிறகுதான் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடுகிறார். அவரிடம் போய் விலைக்கணக்கு பேச எனக்கு வாய் வராது. இந்த வசதிகளை நாள்தோறும் பயன்படுத்துகிறவர் அதற்கான விலையைக் கொடுப்பது நியாயம். அந்த விலைக்குள் ஆயுளும் அடங்கியிருக்கிறது என்று எண்ணுவதில்தான் நானும் தவறினேன்.

எட்ஜைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் 199.99 டாலருக்கு வந்த அந்தக் கன்ட்ரோலரில், ஸ்டிக் மாட்யூலை நாமே கழற்றி மாற்றலாம். முகப்பு மூடியை எடுத்து, உள்ளே இருக்கும் நெம்புகோலைத் தூக்கினால் மாட்யூல் முழுதாக வெளியே வந்துவிடும். புதிய மாட்யூலின் அறிமுக விலை 19.99 டாலர். மற்ற கன்ட்ரோலர்களில் இதே வேலைக்குப் பத்துக்கும் மேற்பட்ட பற்றுமுனைகளை ஈயம் உருக்கி எடுத்து, பலகையைச் சுடாமல் புதியதைப் பற்றவைக்க வேண்டும். உள்ளே இருப்பது அதே தேயும் வகை என்றாலும், தேயும் என்பதை ஒப்புக்கொண்டு, மாற்றுவதற்கு வழி வைத்த அந்த வடிவமைப்பை நான் மதிக்கிறேன். இதை ஏன் எழுபது டாலர் கன்ட்ரோலருக்கும் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

இனி அக்கா மகனின் கணக்குக்கு வருகிறேன். இந்தியாவில் எட்ஜின் அறிமுக விலை 18,990 ரூபாய், டூயல்சென்ஸின் அறிமுக விலை 5,990 ரூபாய். அந்த விலைகளின்படி, ஓர் எட்ஜின் விலையில் மூன்று சாதாரணக் கன்ட்ரோலர்களை வாங்கினாலும் ஆயிரம் ரூபாய் மிஞ்சும். ஒன்று கெட்டு மற்றொன்று, அதுவும் கெட்டு இன்னொன்று என்று போனாலும், பல ஆண்டுகள் ஓடிவிடும். அவன் ஆடுவது பெரும்பாலும் கால்பந்து; அதில் பேடில்களுக்கு அதிக வேலையில்லை. "இப்போதைக்கு வேண்டாம், துப்பாக்கி ஆட்டங்களில் உனக்கு உண்மையாகவே நாட்டம் வந்தால் அப்போது எட்ஜைப் பற்றிப் பேசுவோம்" என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவனிடம் இருக்கும் டூயல்சென்ஸிலும் இடது ஸ்டிக் லேசாக இழுக்கத் தொடங்கிவிட்டதாம். அதைத் தூக்கி எறியாமல் எனக்கு அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் பழைய கன்ட்ரோலருக்கு மாட்யூல் மாற்றிக் கொடுத்த ரிச்சி தெரு அண்ணன் பற்றவைப்பதில் கை தேர்ந்தவர். டூயல்சென்ஸுக்கென்று வெளிச்சந்தையில் கிடைக்கும் ஹால் மாட்யூல் இரண்டை வாங்கிக்கொண்டு, வரும் சனிக்கிழமை அவரிடம் போகிறேன். எப்படி உழைக்கிறது என்பதை ஓராண்டு ஆட விட்டுப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.