கோடைத் தண்ணீர் ஏரியின் எல்லை அல்ல

"காவேரிப்பாக்கம் ஏரியோரம் பட்டா இருந்தால், கோடையில் தண்ணீர் நிற்கும் இடம்வரை நம் நிலம்தான், மதகுப் பக்கம் ஆழம் அதிகம், படகுத்துறையை அங்கேயே கட்டலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு. இதை நம்பிப் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள் ஐயா.

ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழியும்போது தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ, அதுவரை ஏரிதான். உள்ளே நிற்கும் கருவேல மரங்களின் அடியில் படிந்த வண்டல் கோட்டைப் பார்த்தாலே ஓரளவு புரியும். சட்டப்படியான எல்லைக்கு, ஊர் நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். ஏரிப் புறம்போக்கு தனிப் புல எண்ணில் இருக்கும். அதில் அனுமதியின்றி எது கட்டினாலும் ஆக்கிரமிப்பு. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அதை அகற்றச் சொல்கிறது.

மதகு யோசனை இன்னும் ஆபத்தானது. பாசனத்துக்குத் திறந்தால் இழுப்பு அங்கேதான். படகுத்துறைத் தூண்களில் ஆகாயத்தாமரையும் செத்தையும் சிக்கி மதகுவாய் அடைபட்டால், கீழே கதிர்விடும் நெல் காயும். கரையைத் தோண்டினால் கசிவு தொடங்கும். உடைந்தால் ஊருக்குள்தான் தண்ணீர் வரும்.

முதலில் சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள். பட்டாவுக்கு வெளியே ஒரு படிக்கட்டு வேண்டுமென்றாலும், நீர்வளத் துறையிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.