எம்பிரேர் ஓட்டுபவர் ‘குட்டி விமானி’ அல்ல

தம்பி, சிங்கப்பூரின் ஸ்கூட் நிறுவனம் மலேசியாவின் குவாந்தான், மிரி, சிபுவுக்கு விடும் எம்பிரேர் (பிரேசில் நிறுவனத் தயாரிப்பு) விமானம் “பழைய 50 இருக்கை விமானத்தின் நீட்டிய வடிவம்” என்றும், “பெரிய விமானம் கிடைக்காதவர்கள்தான் அதை ஓட்டுவார்கள்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு.

நீங்கள் சொல்லும் 50 இருக்கை விமானம் எம்பிரேரின் இஆர்ஜே-145. அதில் வரிசைக்கு மூன்று இருக்கை, இன்ஜின்கள் வால் பக்கம். ஸ்கூட்டின் இ190-இ2 வேறு குடும்பம். வரிசைக்கு நான்கு இருக்கை, மொத்தம் 112, இன்ஜின்கள் இறக்கையின் கீழ். அந்தக் குடும்பத்தின் முதல் விமானமான இ170 முதலில் பறந்தது 2002-இல். இ2 வகை 2018-இல் சேவைக்கு வந்தபோது இறக்கையும் இன்ஜினும்கூடப் புதியவை.

சரி, விமானிகள். பயணிகள் விமான நிறுவனங்களில் ‘சின்ன விமான உரிமம்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ஏர்பஸ் கேப்டனுக்கு வேண்டிய அதே விமானப் போக்குவரத்து விமானி உரிமம்தான் (ATPL) எம்பிரேர் கேப்டனுக்கும் வேண்டும். குறைந்தது 1,500 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அந்தந்த விமான வகைக்குத் தனிப் பயிற்சி, சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் சோதனை.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் ஏடிஆர் சுழலி விமானம் வந்து நிற்கும்போதும் இதே பேச்சுதான் கேட்கிறது: “காத்தாடி பிளேனா?” கோலாலம்பூர் அருகிலுள்ள சுபாங் போன்ற குறுகிய தூரத்துக்கு எரிபொருள் மிச்சமாகும் என்பதால்தான் அதில் சுழலி. குறுந்தூர விமானிகள் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குகிறார்கள், அதுவும் நம் ஊர் மாலை நேர இடிமழையில். கண்டம் தாண்டுபவருக்கு ஒரு பயணத்துக்கு ஒரே தரையிறக்கம். குறுந்தூர விமானிகளை அரைகுறை என்பதுபோல் நீங்கள் சொன்னது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த வரியை நீக்கிவிடுங்கள்.