எட்டுத் தப்பா, ஒரே தப்பா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரிய நண்பர்கள் திட்டுவதென்றால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்பு, கழித்தல், 10 கணக்கு. ஒரு பிள்ளையின் நோட்டில் 52 − 37 = 25 என்று இருந்தது. இன்ட்டு போட்டேன். 64 − 28 = 44. இன்ட்டு. 81 − 46 = 45. அதுக்கும் இன்ட்டு. மொத்தம் எட்டு இன்ட்டு, ரெண்டே ரெண்டு ரைட். கீழே ‘கவனமாகச் செய்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அடுத்த நோட்டை எடுத்துவிட்டேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

திங்கட்கிழமை வழக்கம்போல ‘பிழை திருத்தம்’. வெளியில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. நான் போர்டில் சரியான விடையைப் போடுவேன், தப்பு விட்ட பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதும், நான் அதுக்கு ஒரு ரைட்டும் கையெழுத்தும் போடுவேன். அவ்வளவுதான். நோட்டைப் புரட்டிப் பார்க்கிறவருக்குத் தப்பு திருந்திவிட்டது.

புதன்கிழமை புதுக் கணக்கு கொடுத்தேன். அதே பிள்ளை, அதே கதை. அன்றைக்கு என்னவோ தோன்றி, பக்கத்தில் உட்காரவைத்து, “வாயால சொல்லிக்கிட்டே போடு கண்ணு” என்றேன்.

“ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சு.”

“ஏன் மாத்திப் போடற?”

“பெருசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?”

சொல்லியிருக்கிறேன். அவள் ரெண்டாம் வகுப்பில் இருந்தபோது கீழ் வகுப்புகள் என்னிடம்தான் இருந்தன. ஒற்றை இலக்கக் கழித்தலுக்கு நான் சொன்ன விதியை அவள் மறக்கவே இல்லை. ஒன்றாம் இடத்தில் ஒருமுறை, பத்தாம் இடத்தில் ஒருமுறை என்று அதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அந்த ரெண்டு ரைட்டும் ஏன் ரைட் என்று அப்புறம்தான் பார்த்தேன். அவை ரெண்டும் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள். அவள் செய்தது எட்டுத் தப்பு இல்லை, ஒரே தப்பு. அதையும் சொல்லிக்கொடுத்தது நான். ‘கவனமாகச் செய்’ என்று எழுதினேனே, அவளைவிடக் கவனமாக அந்த வகுப்பில் யாரும் செய்யவில்லை.

அலமாரியில் இருந்த குச்சிக் கட்டுகளை எடுத்தேன். அஞ்சு பத்துக்கட்டு, உதிரியாக ரெண்டு. “இதுல 37 எடுத்துக் குடு.” மூணு கட்டை எடுத்து வைத்தாள். உதிரியில் ஏழு தேடினாள், ரெண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டீச்சர், ரப்பர் பேண்டைக் கழட்டலாமா?” என்றாள்.

இத்தனைக்கும் ஆனது ஏழெட்டு நிமிஷம். அதுக்கு நோட்டில் ஒரு தடயமும் இல்லை. சிவப்பு மையில் இருப்பதெல்லாம் உபயோகமில்லாமல் போன சனிக்கிழமைத் திருத்தம்.

நான் சொல்ல வந்தது இதுதான். நோட்டில் நாம் போடும் சிவப்பு மை பெரும்பாலும் பிள்ளைக்காகப் போடுவதில்லை. பார்வையிட வரும் அலுவலருக்காக, நோட்டைப் புரட்டும் அப்பா அம்மாவுக்காக, ‘நான் வேலை செய்தேன்’ என்பதற்குச் சாட்சியாகப் போடுகிறோம். என்னிடம் 3, 4, 5 மூன்று வகுப்பும் சேர்த்து 31 பேர். ஆளுக்கு அஞ்சு பாடம், ஆக 155 நோட்டு. நோட்டுக்கு ஒரு நிமிஷம் என்றாலே ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நிமிஷத்தில் கையெழுத்துப் போடலாம். பிள்ளை எந்த இடத்தில் வழுக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

மதிப்பெண்ணும் இதே ரகம்தான். 1988இல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் அஞ்சாவது, ஆறாவது படிக்கும் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார். ஒரு குழுவுக்கு வெறும் மதிப்பெண், ஒரு குழுவுக்கு வெறும் குறிப்பு, இன்னொரு குழுவுக்கு ரெண்டும். அடுத்த சுற்றில் தேறியது வெறும் குறிப்பு வாங்கியவர்கள். ரெண்டும் வாங்கியவர்களுக்குக் குறிப்பால் ஒரு புண்ணியமும் இல்லை. இதை நம்ப எனக்கு ஆய்வே தேவையில்லை. பேப்பர் கொடுக்கும்போது பாருங்கள், பிள்ளைகள் முதலில் எண்ணைப் பார்க்கும், ரெண்டாவதாகப் பக்கத்துப் பிள்ளையின் எண்ணைப் பார்க்கும், மூணாவதாகப் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிடும்.

நம் ஊரில் இதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2012–13இல் முப்பருவ முறை வந்தபோது படிக்கும்போதே பிள்ளையைக் கவனித்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று பிரித்தார்கள். வளரறி என்ற சொல்லே அழகு. ஆனால் அந்த 40ஐயும் பதிவேட்டில் கட்டம் கட்டி நிரப்பியதோடு நம் வேலை முடிந்தது. 2022 ஜூனில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவைக்க ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பி என்பதற்காக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஒரு மாதத்தில் மூணாம் வகுப்புப் பையன் ஒருத்தன் என்னிடம் வந்து, “நான் மலரு டீச்சர், அவன் இன்னும் அரும்புதான்” என்கிறான். பூவிலும் ரேங்க் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். தமிழில் ‘சொந்தமாக எழுது’ என்று வந்தால் எல்லாப் பிழைக்கும் வட்டம் போடுவதில்லை. இந்த வாரம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு மட்டும். ‘வெளாண்டோம்’ என்று எழுதினால் அப்படியே விட்டுவிடுகிறேன், அதுக்கு வேறு வாரம் இருக்கிறது. கணக்கில் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வகுப்பிலேயே ஒரு நாளைக்கு அஞ்சு பேர், பக்கத்தில் உட்கார்ந்து, வாயால் சொல்லவைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் தலைமையாசிரியர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. “திருத்தாம விட்ட பிழை கையில படிஞ்சுடும் டீச்சர்” என்கிறார். எழுத்துப் பிழையைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ல, ள, ழவில் எதை எப்போது பிடிப்பது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. ஒரு அம்மா நோட்டோடு வந்து, “இவ்ளோ தப்பு இருக்கு, நன்றுனு போட்டிருக்கீங்களே, படிச்சுப் பார்த்தீங்களா?” என்றே கேட்டுவிட்டார். பத்து நிமிஷம் விளக்கினேன். தலையாட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை.

நாளைக்குப் பள்ளிப் பார்வை என்று தகவல் வந்திருக்கிறது. கணக்கு நோட்டு 31இலும் பதினோரு நாள் பக்கம் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. இன்றைக்கு மட்டும் மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சிவப்புப் பேனா ஒன்றுதான் இருந்தது, மகனைக் கடைக்கு அனுப்பி இன்னும் ரெண்டு வாங்கியாயிற்று.