புளிச்ச பிரியாணியும் அஞ்சு லட்சம் ராண்டும்

எங்க பெரியப்பா மகன், நான் அண்ணான்னு கூப்பிடுறவரு, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற சாட்ஸ்வர்த்ல கல்யாணம் காரியத்துக்கெல்லாம் சமைச்சுக் கொடுக்குறாரு. போன மாசம் ஒரு கல்யாணத்துல வெஜ் பிரியாணி புளிச்சுப் போச்சுன்னு ஒரு ஆன்ட்டி ஏரியா குரூப்ல நாலு வரி போட்டுட்டாங்க. அதுல ஒரு வரி கொஞ்சம் ஓவர், ஒத்துக்குறேன். இவரு என்னடான்னா லாயர்கிட்ட போய் அவதூறுன்னு அஞ்சு லட்சம் ராண்ட் நஷ்டஈடு கேட்டு டிமாண்ட் லெட்டர் டைப் பண்ண வச்சுட்டு வந்துட்டாரு. ஏன் அஞ்சு லட்சம்னு கேட்டா, ரவுண்டா இருக்காம்!

அண்ணா, அந்த ரவுண்டுதான் முதல் குழி. ஹைகோர்ட்டுக்குக் கீழ இருக்குற ரீஜினல் கோர்ட் வரம்பு 4 லட்சம், அதுக்கு மேல கேட்டா ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும், அங்க கேஸ் வேலையைப் பாக்குற அட்டர்னி தனி, கோர்ட்ல வாதாடுற அட்வகேட் தனி, ரெண்டு பேருக்கும் மீட்டர் ஓடும். கடைசியில ஜட்ஜு முப்பதாயிரம் கொடுத்துட்டு இதுக்கு ஏம்ப்பா ஹைகோர்ட் வந்தன்னு சொல்லி செலவையும் கீழ் கோர்ட் ரேட்லயே கொடுத்தாருன்னா, ஜெயிச்சும் கைக்காசு போகும். சரி சின்னதா ஸ்மால் கிளெய்ம்ஸ்னு சின்னத் தொகை கேஸுக்கு இருக்குற கோர்ட்ல போடலாம்னா அங்க அவதூறு கேஸே எடுக்க மாட்டாங்க, தொகை எவ்வளவுன்னாலும்.

நம்ம நாட்டு சட்டம் ஆரம்பத்துல கேஸ் போடுறவன் பக்கம்தான் நிக்குது, அது உண்மை. பேரைக் கெடுக்குற மாதிரி ஒண்ணை நாலு பேர் பாக்க போட்டாங்கன்னு காட்டிட்டா போதும், தப்பா போடலன்னு நிரூபிக்கிற பாரம் அந்தப் பக்கம் போயிடும். அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. நிரூபிக்கிறேன்னு அந்த ஆன்ட்டி கிளம்பி அன்னிக்குச் சாப்பிட்ட இருபது பேரைக் கூட்டிட்டு வந்தா? எத்தனை மணிக்குச் சமைச்ச, எந்த வேன்ல எடுத்துட்டுப் போன, டர்பன் டிசம்பர் வெயில்ல எவ்வளவு நேரம் மூடி வச்சிருந்தன்னு ஒவ்வொண்ணா கேப்பாங்க, வாங்குன அடி போதாதுன்னு அதுவும் ரெக்கார்டுல ஏறும். ஆர்டர் போச்சு, நஷ்டம்னு கேக்குறீங்கல்ல, அப்போ டிஸ்கவரில, அதாவது ரெண்டு பக்கமும் ஆவணங்களைக் காட்டுற கட்டத்துல, கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கம்பாங்க. ரொக்கமா வாங்குனது, வரிக்குக் காட்டுனது, காட்டாதது... நான் மேல சொல்லல, அண்ணிக்குத் தெரியும்.

இன்னொண்ணு, அண்ணன் மகன் சும்மா இருக்காம அந்த போஸ்ட் கீழயே ஆன்ட்டியைக் 'குடிகாரி'ன்னு எழுதியிருக்கான். ஆன்ட்டி திருப்பிப் போடுற கவுன்ட்டர் கிளெய்ம் ரெடியா இருக்கு பாருங்க, இலவசமா.

பெரிய ஆளுங்களே சறுக்குன இடம் இது. முன்னாள் நிதி அமைச்சர் ட்ரெவர் மானுவலுக்கு இஎஃப்எஃப் கட்சி மேல போட்ட அவதூறு கேஸ்ல 2019ல ஹைகோர்ட் கொடுத்த தொகையும் இதே அஞ்சு லட்சம்தான். 2020 டிசம்பர்ல அப்பீல் கோர்ட் அவதூறுதான்னு சொல்லுச்சு, ஆனா பணத்தை எழுதிக் கொடுத்த அஃபிடவிட்டை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, சாட்சி சொல்லணும்னு அந்தத் தொகையை ரத்து பண்ணிடுச்சு. ஜெயிச்ச மனுஷன் அப்புறமும் சாட்சிக் கூண்டுக்கு! முன்னாள் ஜனாதிபதி ஜூமா, கார்ட்டூனிஸ்ட் ஜப்பிரோவோட கார்ட்டூனுக்கு மில்லியன் கணக்குல கேஸ் போட்டு, 2012 அக்டோபர்ல அதை வாபஸ் வாங்கி அந்தப் பக்கம் செலவுல பாதியையும் ஏத்துக்கிட்டாரு, அந்தப் படத்தை அதுக்குள்ள பாக்காத ஆளே இல்ல. 2022ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் இன்னும் ஒரு படி மேல போய், வாயை அடைக்கணும்னே போடுற கேஸை எதிர்த்து அதையே டிஃபென்ஸா எடுக்கலாம்னுச்சு, அது சுரங்கக் கம்பெனி சுற்றுச்சூழல் ஆளுங்க மேல போட்ட கேஸ். நம்ம அண்டா கேஸ் அந்த அளவுக்கு வராது, ஆனா ஆன்ட்டியோட லாயரும் அந்தத் தீர்ப்பைப் படிச்சிருப்பாரு.

பேரு போகுதே, சும்மா இருக்கவான்னு அண்ணா கேட்டாரு. நியாயம்தான், முப்பது வருஷம் பெரியம்மாவோட கைப்பக்குவத்துல சேர்த்த பேரு. ஆனா கேஸ் போட மூணு வருஷம் டைம் இருக்கு, இன்னிக்கே கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்ல. முதல்ல அந்தக் கல்யாண வீட்டுல பேசுங்க, என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க, அந்த ஒரு வரி பொய்யின்னா அதை மட்டும் எடுக்கச் சொல்லி மரியாதையா எழுதுங்க, பையனோட கமென்ட்டை இன்னிக்கே அழிங்க. இப்போ அந்த போஸ்டை நாப்பது பேர் பாத்திருக்காங்க, டிமாண்ட் லெட்டரை ஆன்ட்டி போட்டோ எடுத்துப் போட்டா ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம்னு எல்லா ஊருக்கும் புளிச்ச பிரியாணி போய்ச் சேரும்.

நேத்து ராத்திரி போன் பண்ணாரு. லெட்டர் இன்னும் டிராயர்லதான் இருக்காம். ஆன்ட்டிக்கு பதில் நீயே எழுதிக் கொடுன்னாரு, ஆனா ஒரு இடத்துலயாவது 'கோர்ட்'னு வரணுமாம். முடியாதுண்ணான்னுட்டு எழுதிட்டிருக்கேன்.