இருமலுக்கும் ஒரு பொத்தான்

போன வாரம் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல். லேசாக இருமிவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, தொண்டை சரியில்லை" என்றது. "ஐயோ, வெந்நீர் குடிம்மா" என்றார் அம்மா. குரல் சிரித்தது. அப்புறம் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் பணம் கேட்டது. "எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்று கேட்டார். அதற்கும் அதே சிரிப்பு, அதே இடத்தில் மூச்சு வாங்கி. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சில்லிட்டது. போனை வாங்கித் துண்டித்துவிட்டேன்.

அம்மாவுக்குக் கோபம். "குழந்தைங்களுக்குன்னு கேக்குறா. மூஞ்சில அடிச்ச மாதிரி வைக்கிறியே?"

இந்த மனசைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள். பேசியது பதிவு செய்யப்பட்ட குரல். 'சவுண்ட்போர்டு' என்பார்கள். எங்கோ ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நாம் சொல்வதற்கு ஏற்ப ஒவ்வொரு துண்டாகத் தட்டிவிடுகிறார். சிரிப்புக்கு ஒரு பொத்தான், இருமலுக்கு ஒரு பொத்தான். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரிடம் 'பேச' முடியும். மனிதர் என்று நம்பினால்தான் நமக்கு மறுக்கக் கூசும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இப்படி நிதி திரட்டிய ஒரு கும்பல் மீது 2021 மார்ச்சில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையமும் 38 மாநிலங்களும் சேர்ந்து நடவடிக்கை எடுத்தன. 6.7 கோடி பேருக்கு 130 கோடி அழைப்புகள். வசூல் 11 கோடி டாலருக்கு மேல். சில வசூல்களில் டாலருக்கு 90 சென்ட் வரை திரட்டியவர்களே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 500க்கும் மேற்பட்ட எண்களுக்குத் தலா 5,000 தடவையாவது அடித்திருக்கிறார்கள். 5,000 தடவை! அந்தப் போனை எடுத்துக்கொண்டே இருந்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. நோயாளிக் குழந்தைகள், தீயணைப்பு வீரர்கள் என்று, யார் பெயரைச் சொன்னால் நம் மனசு இரங்குமோ அவர்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் குரல்களும் வந்துவிட்டன. இனி ஒரே மாதிரிச் சிரிப்பை வைத்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் குரலை ஆராய்வதையே நான் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இப்போது ஒரே விதி: வருகிற அழைப்பில் பணம் கொடுப்பதில்லை. கேட்பவர் உண்மையானவராக இருந்தாலும் சரி. கொடுக்க வேண்டுமென்றால் அந்த அமைப்பின் எண்ணை நாமே தேடி, நாமே கூப்பிட்டுக் கொடுப்போம். திரையில் தெரிகிற எண்ணை நம்புவதில்லை, அதைப் போலியாகக் காட்டுவது சுலபம். "இனி அழைக்க வேண்டாம் என்றால் 9ஐ அழுத்துங்கள்" என்றால் அழுத்துவதும் இல்லை. இந்த எண்ணில் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். "போன வருஷமே தர்றதாச் சொன்னீங்களே" என்பது இன்னொரு பொறி. வயதானவர்கள் ஞாபக மறதி என்று தங்களையே சந்தேகப்பட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் குழந்தைகளுக்கான ஒரு மருத்துவமனையின் எண்ணைத் தேடித் தரச் சொல்லி, அவரே கூப்பிட்டுப் பேசி, பணம் அனுப்பினார்.

நேற்று மறுபடி அதே குரல், அதே இருமல். "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று கேட்டார் அம்மா. "உங்களை மாதிரி நல்ல மனசு..." என்று அது ஆரம்பித்தது. அம்மா போனை வைத்துவிட்டார்.