பழைய ரயில் தண்டவாளத்தில்தான் இருக்க வேண்டும்

கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் வரும் நண்பர்கள் ராக்ஃபெல்லர் சென்டர் மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: டிசம்பரில் ஒரு சனிக்கிழமை செகண்ட் அவென்யூ சப்வே (சுரங்க ரயில்) நிலையத்துக்குப் போங்கள். 1930களில் செய்த ரயில் ஒன்று வந்து நிற்கும். ஏறிக்கொள்ளுங்கள். தனி டிக்கெட் கிடையாது, வழக்கமான சப்வே கட்டணம்தான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான். வருடத்தின் மற்ற நாட்களில், நகரப் போக்குவரத்து அருங்காட்சியகமான நியூயார்க் டிரான்சிட் மியூசியம் நடத்தும் பெரும்பாலான பழைய ரயில் பயணங்களுக்கு நல்ல விலை கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். பண்டிகைக் கால ரயிலோ மற்ற ரயில்களோடு ரயிலாக ஓடுகிறது. அதனால் அதைத் தேடி வராதவர்களும் ஏறிவிடுகிறார்கள். போன முறை, கையில் கருவிப் பெட்டியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் உள்ளே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி, மூடியில்லாத குண்டு பல்புகள், பிரம்பு பின்னிய இருக்கை. உட்கார்ந்து, பிரம்பை உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். அப்புறம் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு ஸ்பானிஷில் என்னவோ சொல்லிக்கொண்டே பெட்டி முழுக்கச் சுற்றிக் காட்டினார். காசு கட்டி முன்பதிவு செய்யும் ஏற்பாடாக இருந்தால் அவர் அங்கே இருந்திருக்கவே மாட்டார்.

1932இல் நகர நிர்வாகம் தானே கட்டித் திறந்த எட்டாவது அவென்யூ பாதைக்காக வந்த பெட்டி வகை இது. அதுவரை சப்வேயை நடத்தியவை இரண்டு தனியார் கம்பெனிகள். கூட்டம் சட்டென்று ஏறி இறங்கட்டும் என்று பக்கத்துக்கு நான்கு இரட்டைக் கதவுகள் வைத்தார்கள். அந்தக் கதவுகளை இயக்க கண்டக்டர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, வெளியே ஏறி நிற்க வேண்டும். வேகம் கூடக்கூடப் பல்சக்கரங்களின் உறுமலும் ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருக்கும். இதையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து யாருக்கும் காட்ட முடியாது.

தொப்பி, கையுறை, அந்தக் காலத்துக் கோட்டு என்று அலங்கரித்துக்கொண்டு வந்து, ஓடும் ரயிலிலேயே ஆடுகிறவர்கள் நிறையப் பேர். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. இந்தப் பெட்டிகள் 1977 வரை ஓடின. ஏசி இல்லாத ஜூலை மாதங்களில் வியர்த்து வழிந்தபடி வேலைக்குப் போனவர்களும், கிறுக்கல்களும் பழுதுமாக இருந்த எழுபதுகளில் வேறு வழியின்றி ஏறியவர்களும் இதன் பயணிகள்தான். அவர்களில் பலர் இன்னும் இதே நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்து பேச வைத்தால், எந்த அலங்காரத்தையும்விட எனக்கு அது பெரிதாகப் படும்.

சிக்னல் கோளாறில் தினமும் ரயில்கள் நிற்கும்போது இந்தச் செலவு தேவையா என்று கேட்கிறார்கள். கோபம் நியாயம்தான். சப்வேயின் பல பகுதிகளில் இன்னும் இந்த ரயிலின் காலத்து சிக்னல் முறைதான் இருக்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். அதற்காக வருடத்தில் சில சனிக்கிழமைகளை நிறுத்தச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டாமல் விட்டால், இந்த மோட்டாரைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் இல்லாமல் போகும்.

சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது 1931இல். இந்த எட்டாவது அவென்யூ பாதைக்கும் ஒரு வருடம் முந்தியது. அந்தப் பழைய மீட்டர் கேஜ் (குறுகிய பாதை) வண்டியில் சாதாரண டிக்கெட்டோடு ஒரு பொங்கல் நாளிலாவது ஏற முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நியூஜெர்சி பக்கம் இருக்கிறவர்கள் குழந்தைகளைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். கிளம்புமுன் மியூசியத்தின் இணையதளத்தில் தேதியையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் ரயிலைப் பிடித்தால் பிரம்பு இருக்கை கிடைக்கும்.